அப்பா ஹால்

கேமரா இரண்டாவது முறையாகத் தலையைத் திருப்பியபோது பிலவேந்திரன் சொம்பை உயர்த்தி அண்ணாந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். முதல் முறை திரும்பியதில் ஒன்றுமில்லை. கரண்ட் கொடுத்ததும் இந்த வகைக் கேமரா எல்லாமே இடது கோடி வரைக்கும் ஒரு தடவை, வலது கோடி வரைக்கும் ஒரு தடவை கழுத்தைத் திருப்பிவிட்டு நடுவில் வந்து நிற்கும். ஒன்பது வருஷத்தில் முந்நூறு வீட்டுக்கு மேல் மாட்டியவனுக்கு அது தெரியாதா. ஆனால் அது முடிந்து பத்து நிமிஷம் ஆகிவிட்டது. இப்போது யாரும் தொடவில்லை, எந்த ஆப்பும் திறந்திருக்கவில்லை, அவன் கை சொம்பில் இருக்கிறது. க்ர்ர் என்று ஒரு சின்ன சத்தம், பல்லுக்குள் மணல் அரைபடுவது மாதிரி. சொம்பைத் தாழ்த்திப் பார்த்தான். வெள்ளைக் கோழிமுட்டை மாதிரி இருக்கும் அந்தச் சாமான் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது. சற்று முன் அது சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. சுவரைத்தானா? சுவரில் மனைவி ஜெனிட்டா மாட்டிய மாதா படக் காலண்டரைத்தான் அது பார்த்துக்கொண்டிருந்தது என்று அவனுக்கு நன்றாக நினைவிருந்தது, ஏனென்றால் கண்ணாடிக் கண்ணில் காலண்டரின் நீலம் புள்ளியாகத் தெரிந்ததைக் கவனித்திருந்தான். இல்லை, அது நேற்றா. நேற்று இந்தக் கேமரா அட்டைப் பெட்டிக்குள் அல்லவா இருந்தது. பற்சக்கரத்தில் தூசி இருந்தால் தானாக நகரும், சூட்டில் நகரும். மணி இரண்டேகால். ஆவணி வெயில் தகரக் கூரையில் காய்ந்துகொண்டிருந்தது. இரண்டு வீடு தள்ளி மாவு மில் ஓடிக்கொண்டிருந்தது, அதன் அதிர்வில் மேஜையே லேசாக நடுங்கும்போது ஒரு கேமரா திரும்பினால் என்ன. அதிர்வில் நகர்ந்தால் இப்படி நிதானமாக நகருமா என்று அவன் தன்னையே கேட்கவில்லை. கேட்பதற்கு முன் மிச்சத் தண்ணீரையும் குடித்து முடித்தான்.

எடமலைப்பட்டிப்புதூரில் மாடியில் தனியாக எழுப்பிய இந்த ஒற்றை அறையைத்தான் மூன்று மாதமாக அவன் லேப் என்று சொல்லி வருகிறான். கேமரா மாட்டும் வேலையை விட்டுவிட்டு, நெட்வொர்க்கில் திருடர்கள் எப்படி நுழைகிறார்கள், எப்படித் தடுக்கிறார்கள் என்று ஆன்லைனில் படிக்கத் தொடங்கியபோது, வகுப்பெடுப்பவர் முதல் நாளே சொன்னது வீட்டில் ஒரு லேப் போடுங்கள் என்பதுதான். அடிக்கிற மெஷின் ஒன்று, அடிவாங்குகிற மெஷின் ஒன்று, நடுவில் ஒரு சுவிட்ச். எங்கேயோ ஒரு ஆபீஸில் கழித்துக்கட்டிய இரண்டு கம்ப்யூட்டர், கேபிள் குத்த எட்டு ஓட்டை வைத்த ஒரு நெட்வொர்க் சுவிட்ச், மூலையில் உடைந்த ஒரு பழைய ரவுட்டர், அவன் தொழிலில் மிச்சம் விழுந்த கேபிள்கள். ஜெனிட்டா படியேறி வந்து பார்த்துவிட்டு, "அடிக்கிறதும் நீங்க, அடிவாங்குறதும் நீங்க, இதுக்கு ஒரு ரூமா?" என்று கேட்டுச் சிரித்தாள். அவள் வேடிக்கையாகத்தான் கேட்டாள். அவனுக்கு அன்றைக்கெல்லாம் அந்த வார்த்தை தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது. வகுப்பெடுப்பவர் இன்னொன்றும் சொன்னார், ஒவ்வொரு வகுப்பிலும் சொல்வார்: லேப் என்பது அடைத்த அறை, உள்ளே நடப்பது உள்ளேயே இருக்க வேண்டும், வீட்டு நெட்டோடு அதைச் சேர்க்கவே கூடாது. அதற்காகவே அவன் லேப்புக்கு நீலக் கேபிள், வீட்டு நெட்டுக்கு வெள்ளைக் கேபிள் என்று பிரித்து வைத்திருந்தான். இன்றைக்கு மத்தியானம் சோற்றைத் தின்று கை கழுவிவிட்டு வந்து, தன் கையால், அந்த வெள்ளைக் கேபிளை எடுத்து லேப் சுவிட்சில் குத்தினான். ஐந்து நிமிஷத்துக்குத்தான். விலை குறைந்த ஒரு கேமரா வீட்டுக்காரனுக்குத் தெரியாமல் யார் யாரோடு பேசுகிறது என்று பார்ப்பது இந்த வாரத்துப் பாடம். வெளியே வழி கொடுத்தால்தானே அது பேசும்.

ஐந்து நிமிஷம் இருபதாகிவிட்டது. திரையில் வரிவரியாக ஓடிக்கொண்டிருந்தது, கேமரா அனுப்புவதும் வாங்குவதும். முதலில் சொட்டுச் சொட்டாக வந்தது, குழாயை இறுக மூடாவிட்டால் வருமே அப்படி. எங்கேயோ தூரத்திலிருக்கும் ஒரு கம்ப்யூட்டரிடம் போய் நான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வரும், அரை நிமிஷம் கழித்து மறுபடியும் நான் இருக்கிறேன். பதினோரு மாதமாக அட்டைப் பெட்டிக்குள் செத்துக் கிடந்த சாமான் எழுந்ததும் சொன்ன முதல் வார்த்தை நான் இருக்கிறேன் என்பது. அவன் அதை நோட்டில் எழுதிக்கொண்டான், நேரம் போட்டு. ஒரு வரியில் கேமராவின் பெயர் வந்தது. மாட்டும்போது பெயர் கேட்கும், எதையாவது அடித்துவிட வேண்டும். அப்பா ஹால். அதை அடித்தது அவன் விரல்தான். மாட்டச் சொன்ன அந்த அம்மா ஃபோனில், "அப்பா ஹால்னு போட்டுருங்க பிலவேந்திரன், பெட்ரூமுக்கு ஒண்ணு அப்புறமா வாங்கலாம்" என்று சொல்லச் சொல்ல அடித்தான். பாடத்தின் முதல் படி, பழைய சாமான் எதுவானாலும் முதலில் அடியிலிருக்கும் துளையில் பின்னைக் குத்திப் பத்து எண்ணு, பழைய நினைவெல்லாம் அழிந்துவிடும். பின்னைக் கையில் எடுத்தான். எடுத்தது உண்மை. துளையைக் கண்டுபிடித்தான். பிறகு ஏதோ யோசனையில் பின்னை மேஜைமேல் வைத்துவிட்டான். என்ன யோசனை? ஒன்றுமில்லை, மில் சத்தம் நின்று மறுபடி கிளம்பியது, அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். மறதிதான். சாப்பிட்ட மயக்கம். முந்நூறு கேமராவில் ஒன்றில்கூடப் பின்னைக் குத்த மறக்காதவனுக்கு இன்றைக்கு மறதி. மறதி என்றால் மறதிதான், அதற்கு மேல் அதில் தோண்ட என்ன இருக்கிறது. பின் இன்னும் அங்கேயே, சுட்டு விரலுக்குப் பக்கத்தில், வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது.

க்ர்ர்.

இந்தத் தடவை கண்ணெதிரே. சன்னலிலிருந்து கதவுக்கு. கதவில் சற்று நின்றது, நிலைப்படியைப் பார்த்தது, கீழே இறங்கித் தரையைப் பார்த்தது. தரையைப் பார்த்ததும் நின்றது. வெகுநேரம் தரையைப் பார்த்தது. இப்படித் தரையைப் பார்ப்பது அவருடைய பழக்கம் என்று ஒரு நினைப்பு எழுந்தது, யாரோ காதோரம் சொன்ன மாதிரி. அவருடைய பழக்கம் இல்லை, அவர் கேமரா இல்லையே, அவர் மனிதர். கலியமூர்த்தி சார். பொன்மலை ஒர்க்ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கருமண்டபத்தில் தனி வீடு, பெண்சாதி போய்ச் சேர்ந்து நாலு வருஷம், ஒரே மகள் எழிலரசி கனடாவில். மகள்தான் ஃபோனில் பேசி அவனை அனுப்பிக் கேமரா மாட்டச் சொன்னாள். திரும்புகிற கேமரா, பேசுகிற கேமரா. அங்கே அவள் ஃபோனில் விரலை நகர்த்தினால் இங்கே ஹாலில் அது கழுத்தைத் திருப்பும். மாட்டி ஒரு மாதம் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனவனைச் சார் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். தோளைத் தொட்டு, ஹாலுக்குள் கேட்காதபடி, கிசுகிசுப்பாக. "தம்பி, அது திரும்பும்போது ஒரு சத்தம் வருது பாத்தியா. சோத்துல கை வச்சிருப்பேன், க்ர்ர்ங்கும். கை அப்படியே நின்னுரும். என் மகதான் பாக்குறா, பாசத்துலதான் பாக்குறா, எனக்குத் தெரியாதா? ஆனா அவ முகம் எனக்குத் தெரியலையே. முட்டைதானே தெரியுது." அவன் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. "முதுகு அரிச்சாக்கூட உள்ள போயிச் சொறிஞ்சுக்கிறேன்" என்றார்.

சிரித்திருக்கக் கூடாது. அப்போது சிரிக்காமல் இருந்திருந்தால் அவர் மேலே கேட்டிருக்க மாட்டார், கேட்காவிட்டால் அவன் செய்திருக்க மாட்டான். இல்லை, சிரித்ததற்கும் அதற்கும் என்ன சம்பந்தம், அவர் கேட்டது அதற்கும் இரண்டு மாதம் கழித்து. புரட்டாசியில். அவராகவே ஃபோன் செய்து வரச்சொல்லி, வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவிடாமல் தெரு முனைக்கு நடத்திக்கொண்டு போய்க் கேட்டார். "ரெண்டே நாளைக்கு அது கெட்டுப்போன மாதிரி பண்ண முடியுமா?" எதுக்கு சார்? யாராவது வர்றாங்களா? "யாரும் வரல. சும்மா இருக்கணும்ப்பா. யாரும் பாக்காம ரெண்டு நாள் சும்மா இருக்கணும்." எழுபத்து நாலு வயது மனிதர் பள்ளிக்கூடத்துக்கு லீவு கேட்கிற மாதிரி நின்றார். பாவமாக இருந்தது. யாருக்கும் பாவமாகத்தான் இருந்திருக்கும். உள்ளே போய்க் கேமராவுக்குக் கரண்ட் கொடுக்கும் அடாப்டரைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். மகளுக்கு அவனே ஃபோன் செய்தான், அங்கே அப்போது ராத்திரி. மேடம், அடாப்டர் புகைஞ்சு போச்சு, இந்த மாடலுக்கு லோக்கல்ல கிடைக்கல, சொல்லி வச்சிருக்கேன், ரெண்டு நாள்ல வந்துரும். பொய் எவ்வளவு வழவழவென்று வந்தது. எண்ணெய் போட்ட கதவு. "சீக்கிரம் பாருங்க பிலவேந்திரன், அப்பாவைப் பாக்காம எனக்கு என்னமோ மாதிரி இருக்கு" என்றாள் அவள். பார்க்கிறேன் மேடம் என்றான். சட்டைப்பையில் அடாப்டர் இருந்தது, மார்பில் இடித்துக்கொண்டு, நல்ல நிலையில்.

திரையில் வரிகள் இப்போது கொட்டின. சொட்டு இல்லை, அருவி. கண்ணால் பிடிக்க முடியாத வேகத்தில் மேலே மேலே ஓடின. படிக்கிற பையனுக்கு, முப்பத்தாறு வயதில் படிக்கிற இந்தப் பையனுக்கு, அதன் அர்த்தம் உடனே புரிந்தது: கேமரா படம் அனுப்புகிறது. யாரும் கேட்காமல் இது படம் அனுப்பாது. அந்தப் பக்கம் யாரோ கேட்டிருக்கிறார்கள். யாரோ இந்த அறையை, இந்த நொடியில், பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பேயாக இருந்தால் தேவலை என்று தோன்றியது. ஜெபம் சொல்லலாம், விளக்கைப் போடலாம், பட்டப்பகலில் பேய் என்ன செய்யும். இது பேய் இல்லை. எழிலரசி தன் ஃபோனிலிருந்து இந்தக் கேமராவை நீக்கவே இல்லை. சாருடைய அடக்கம் முடிந்து வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புகிற அன்று கேமராவைக் கழற்றி அவன் கையில் கொடுத்தாளே, "நீங்களே வச்சுக்கங்க, என்னால இதைப் பாக்க முடியல" என்றாளே, அப்போதும் நீக்கவில்லை. அதற்கப்புறம் பதினோரு மாதமும் நீக்கவில்லை. அவள் ஃபோனின் ஒரு மூலையில் அப்பா ஹால் என்ற பெயர் சாம்பல் நிறத்தில் கிடந்திருக்கிறது. இன்றைக்கு மத்தியானம் அவன் வெள்ளைக் கேபிளைக் குத்தியதும் அது பச்சையாகியிருக்கும். ஃபோன் ஒரு சத்தம் போட்டிருக்கும். அங்கே விடிகாலை நாலரை மணி. இருட்டில், தலையணைக்கடியில், அப்பா ஹால் ஆன்லைனில் வந்துவிட்டது என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்ட மனுஷி என்ன ஆகியிருப்பாள்.

கேமரா தரையிலிருந்து கண்ணை எடுத்தது. எடுத்து மேஜைப் பக்கம் திரும்பத் தொடங்கியது, விரல் நடுங்குகிறவர் தள்ளுவது மாதிரி, விட்டுவிட்டு, க்ர், க்ர். கம்ப்யூட்டரைத் தாண்டி, சுவிட்சைத் தாண்டி, அவன் இருக்கும் திசைக்கு. பிலவேந்திரன் நாற்காலியிலிருந்து சரிந்து மேஜைக்கடியில் போய்விட்டான். எப்படிப் போனான் என்று தெரியவில்லை. முழங்கால் சிமென்டில் இடித்த வலி பிறகுதான் தெரிந்தது. சொந்த வீட்டில், பகல் இரண்டரை மணிக்கு, லுங்கியோடு, கேபிள் சுருளுக்கு நடுவில், கையைக் காலைச் சுருட்டிக்கொண்டு. தலைக்கு மேல் க்ர்ர் என்று அது தேடியது. இந்தக் கோடி, அந்தக் கோடி, மறுபடியும் இந்தக் கோடி. அவள் தேடுவது சாரை. இந்த அறை வேறு அறை, சுவர் வேறு, சன்னல் வேறு, அவளுக்கு அது தெரிந்திருக்கும், இருந்தாலும் தேடுகிறாள். சார் கட்டில் இருந்த மூலை எது, நாற்காலி இருந்த இடம் எது என்று இந்த அறையில் அளந்து தேடுகிறாள். அடுக்களை வாசல் இருக்க வேண்டிய இடத்தில் தரையை அவ்வளவு நேரம் பார்த்தாளே. அங்கேதான் விழுந்து கிடந்தார். இரண்டாம் நாள் ராத்திரி பத்து மணி சுமாருக்கு விழுந்திருக்கலாம் என்றார்கள். காலையில் பெருக்க வருகிற அம்மா பார்க்கும்வரை அப்படியே கிடந்திருக்கிறார். விழுந்ததும் போகவில்லை, ஏழெட்டு மணி நேரம் உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னதை அவனிடம் யார் சொன்னார்கள்? எல்லோரும் சொன்னார்கள். இங்கே ராத்திரி பத்து என்றால் அங்கே மத்தியானம், அவள் சாப்பிடுகிற நேரம். தினமும் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு அப்பா ஹாலைத்தான் பார்ப்பாளாம். அடக்கத்தன்று அவனைப் பார்த்து அவள் சொன்னது ஒன்றே ஒன்று. "அந்த அடாப்டர் மட்டும் போகாம இருந்திருந்தா." அவன் தலையை ஆட்டினான். ஆமாம் மேடம் என்ற மாதிரி ஆட்டினான். அடாப்டர் அப்போதும் சட்டைப்பையில். இல்லை, அன்றைக்கு வேறு சட்டை. வெள்ளைச் சட்டை. அடாப்டர் வண்டி டிக்கியில் இருந்தது.

இரண்டு நாள்தான் அவர் கேட்டது. இரண்டு நாள் முடிந்தது அந்த இரண்டாம் நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு. அன்றைக்கு துவாக்குடியில் ஒரு குடோனில் வேலை இருந்தது, ஆறு கேமரா, ஏணி ஒன்று கால் சரியில்லாமல் ஆடியது, அந்த ஏணியை ஒருவன் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது, பிடித்தவனுக்கு மூக்கின் மேல் ஒரு மரு. அந்த மரு இப்போதும் துல்லியமாகத் தெரிகிறது. வேலை முடிந்து டீக்கடையில் உட்கார்ந்தது தெரிகிறது, வடையைப் பிய்த்தபோது ஆவி வந்தது தெரிகிறது. வண்டியை எடுத்தது தெரிகிறது. அதற்கு மேல் நினைவு ஏறாது, ஏணி மாதிரி ஆடும், திரும்ப மருவுக்கே வந்து நிற்கும். கேமரா மாட்டுகிற தொழிலை விட்டதற்கு அவன் எல்லோரிடமும் சொல்லுவது, இப்போதெல்லாம் அவனவன் பெட்டியை வாங்கித் தானே மாட்டிக்கொள்கிறான், எதிர்காலம் இதில் இல்லை, படித்தால் கம்பெனி வேலைக்குப் போகலாம் என்று. ஜெனிட்டாவிடமும் அதையே சொன்னான். அவள் நம்பினாள், பக்கத்து வீட்டில் சொல்லிப் பெருமைகூடப் பட்டாள். உண்மை, அவனால் இன்னொரு வீட்டு ஹாலில் ஏணி போட்டு ஏற முடியவில்லை. கீழே யாரோ படுத்திருப்பது மாதிரியே இருந்தது.

மில் சத்தம் நின்றது. தன் மூச்சு அவனுக்கே பெரிதாகக் கேட்டது, கேமராவுக்குக் காது உண்டு என்று அப்போதுதான் நினைவு வந்தது. மூச்சைப் பிடித்தான். மேலே ஒரு டொக். சின்ன ஒலிபெருக்கி திறக்கிற சத்தம். இரைச்சலுக்குள்ளிருந்து, தண்ணீருக்கடியிலிருந்து பேசுகிற மாதிரி, ஒரு குரல் வந்தது.

"அப்பா?"

பிடித்து வைத்திருந்த மூச்சு அவனை மீறி வெளியே வந்தது.

"அப்பா... இருக்கீங்களா?" மூடிய கதவோரம் நின்று கேட்பது மாதிரி மெதுவாக, வெட்கப்பட்டுக் கேட்டது. பதில் வராது என்று தெரிந்தே கேட்கிற குரல், வந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்தும் கேட்கிற குரல். பிறகு அது மாறியது. "யாரு? யாரோ இருக்கீங்க. மூச்சு கேக்குது."

கைக்கு எட்டுகிற தூரத்தில் ப்ளக் இருந்தது. பிடுங்கினால் முடிந்தது. அவளுக்கு மறுபடியும் சாம்பல் நிறம் வந்துவிடும். யாரோ திருடன், யாரோ பழைய சாமான் கடைக்காரன் என்று நினைத்துக்கொள்வாள். இல்லை, அப்படி நினைக்க மாட்டாள். அப்பா வந்துவிட்டுப் போனார் என்று நினைப்பாள். மூச்சு மட்டும் விட்டுவிட்டு, கூப்பிட்டதற்குப் பதில் சொல்லாமல் போய்விட்டார் என்று நினைப்பாள். சாகும்வரைக்கும் நினைப்பாள். ப்ளக்கின்மேல் கை இருந்தது. சூடாக இருந்தது அது. கையை எடுத்துத் தரையில் ஊன்றி அவன் வெளியே வந்தான், முதலில் தலை, பிறகு தோள், கிணற்றிலிருந்து ஏறுகிறவன் மாதிரி. நாற்காலியில் உட்கார்ந்தான். கேமரா அவனைக் கண்டுபிடித்து நின்றது. கண்ணாடிக் கண்ணுக்குள் அவன் முகம் சுண்டைக்காய் அளவுக்குத் தெரிந்தது.

"நான்தான் மேடம். பிலவேந்திரன். கேமரா மாட்டுனவன்."

இரைச்சல் மட்டும்.

"இது... இது என் வீடு மேடம். நான் இப்ப நெட்வொர்க் படிக்கிறேன். அதுக்கு லேப் போட்டிருக்கேன். பழைய கேமராவைச் சோதிச்சுப் பாக்குறதுக்காக... உங்க ஃபோனுக்குப் போகும்னு நினைக்கல." நினைக்கலையா என்று உள்ளே ஒன்று கேட்டது. "மன்னிச்சுருங்க. இப்பவே எடுத்துர்றேன்."

"எடுக்காதீங்க!" டொக். "எடுக்காதீங்க. கொஞ்சம் இருங்க." அவள் அழுகிறாளா, சிரிக்கிறாளா, தெரியவில்லை. அந்த மலிவு ஒலிபெருக்கியில் எல்லாம் ஒரே இரைச்சலாக வந்தது. "நான் பைத்தியம் மாதிரி ஓடி வந்து பாத்ரூம்ல உக்காந்துருக்கேன். பிள்ளைங்க முழிச்சிக்கக் கூடாதுன்னு. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், நான் நிஜமாவே..." நின்றது. "தினமும் ஒரு தடவை அந்த ஆப்பைத் திறப்பேன். ஆஃப்லைன்னு வரும். மூடிருவேன். இன்னைக்கு அதுவா கூப்பிட்டுச்சு."

அவளுக்கு அவன் முகம் தெரிகிறது. அவனுக்கு முட்டைதான் தெரிகிறது. சார் சொன்னது இதைத்தான் என்று, தோளில் அந்தக் கை இப்போது பட்ட மாதிரி, அவனுக்கு உறைத்தது. கன்னத்தில் வியர்வை இறங்கியது, துடைக்கக் கை எழவில்லை. இப்போது அவள் வைத்துவிடுவாள். பரவாயில்லை பிலவேந்திரன், பத்திரமா இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாள், அவனும் கேபிளைப் பிடுங்கிவிட்டுக் கீழே போய் முகம் கழுவலாம். அடாப்டர் புகைஞ்சது புகைஞ்சதாகவே இருக்கும்.

"மேடம், அடாப்டர் போகலை."

"என்னது?"

"சார்தான் கேட்டாரு. ரெண்டு நாள் யாரும் பாக்காம இருக்கணும்னு. ரொம்பக் கெஞ்சுனாரு மேடம். எனக்குப் பாவமா இருந்துச்சு. நான்தான் கழட்டி வச்சேன்."

டொக் என்று திறக்கும், ஒன்றும் பேசாமல் மூடும். மறுபடி திறக்கும், மூடும். அவள் விரல் அந்தப் பொத்தானை அழுத்துவதும் எடுப்பதுமாக இருந்தது. திரையில் வரிகள் ஓடிக்கொண்டே இருந்தன, அவன் முகம்தான் அப்படிப் போய்க்கொண்டிருந்தது, வரிவரியாக, கடலுக்கு அந்தப் பக்கம். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. மில் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது. பள்ளிக்கூட வேன் ஒன்று தெருவில் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. கடைசியில் அவள் கேட்டபோது குரல் வறண்டிருந்தது. "அந்த ரெண்டு நாள்ல அவரை நீங்க பாத்தீங்களா?"

"முதல் நாள் சாயங்காலம் பாத்தேன். அந்தப் பக்கம் போனப்ப எட்டிப் பாத்தேன். ஹால் நடுவுல வெறுந்தரையில மல்லாக்கப் படுத்துருந்தாரு. சட்டை இல்லாம. கையையும் காலையும் பரப்பிப் போட்டுக்கிட்டு ஃபேனைப் பாத்துக்கிட்டு ஏதோ பாடிக்கிட்டிருந்தாரு. என்னைப் பாத்ததும் எந்திரிக்கல, சிரிச்சாரு. குளிச்ச மாதிரி இருக்குடான்னாரு."

"குளிச்ச மாதிரி இருக்கா." அவள் அதைத் தனக்கே சொல்லிப் பார்த்தாள். பிறகு, "என்கிட்ட கேட்டிருக்கலாமே" என்றாள். "என்கிட்ட கேட்டிருந்தா நானே ஆஃப் பண்ணியிருப்பேனே." அவளுக்கும் தெரியும் ஆஃப் பண்ணியிருக்க மாட்டாள் என்று, குரலிலேயே அது இருந்தது. "பதினோரு மாசமா நான் ஒரு அடாப்டர் மேல கோவப்பட்டுக்கிட்டு இருந்தேன், பிலவேந்திரன். அது சுலபமா இருந்துச்சு. அதுக்கு முகம் இல்ல." டொக். "நீங்க எந்திரிக்காதீங்க. அப்படியே உக்காந்துருங்க. நான் கொஞ்ச நேரம் பாக்குறேன்."

உட்கார்ந்திருந்தான். கழுத்தைத் திருப்பவில்லை கேமரா, அசையவே இல்லை. பார்க்கப்படுவது ஒரு எடையாக நெற்றியில் ஏறி உட்கார்ந்தது. எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கண்ணாடியைப் பார்த்தால் சவால் விடுகிற மாதிரி, கீழே பார்த்தால் ஒளிகிற மாதிரி. அவள் எதைப் பார்க்கிறாள்? மூக்கையா, வாயையா, பொய் வந்த வாயையா. இந்த முகத்தை அவள் மனப்பாடம் செய்கிறாள், இனி ராத்திரி ராத்திரி இதை எடுத்துப் பார்ப்பாள், அடாப்டர் இருந்த இடத்தில் இதை வைத்துக்கொள்வாள். சொன்னதால் லேசாகிவிடும் என்று யார் சொன்னது. சொன்னது முழுவதுமா? சார் கேட்டாரு, பாவமா இருந்துச்சு. எல்லாம் உண்மை, ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை, அப்படியிருந்தும் அந்த ஏணி உள்ளே ஆடிக்கொண்டுதான் இருந்தது. மூக்கில் மரு வைத்தவன் ஏணியைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்துக் கேட்கிறான், அண்ணே, மணி அஞ்சாச்சே, எங்கேயோ போகணும்னீங்களே.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஜெனிட்டா. மணி நாலே கால் ஆகிவிட்டதா. பள்ளிக்கூட வேலை முடிந்து வந்தவள் கைப்பையைக்கூடக் கழற்றாமல் மேலே வந்துவிட்டாள். "ஏங்க, கீழே கதவு திறந்தே கெடக்கு, இங்க யாருகிட்ட..." என்று உள்ளே காலை வைத்தவள் நின்றாள். வியர்வையில் நனைந்த பனியனோடு, கையை முழங்காலில் வைத்துக்கொண்டு, ஸ்டுடியோவில் படம் எடுக்க உட்கார்ந்தவன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் புருஷனைப் பார்த்தாள். எதிரே யாருமில்லை. க்ர்ர் என்று கேமரா திரும்பி அவளைப் பார்த்தது. ஜெனிட்டா கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"உங்க வீட்டம்மாவா?" என்றது கேமரா.

"ஐயோ, யாருங்க இது?"

"கலியமூர்த்தி சார் பொண்ணு" என்றான் பிலவேந்திரன். "கனடாவுல இருக்காங்க."

"அவங்களுக்குத் தெரியுமா?" குரல் அவனிடம்தான் கேட்டது. அவன் இல்லை என்று தலையாட்டினான். "அப்ப அவங்ககிட்டயும் சொல்லுங்க. நான் இன்னொரு தடவை கேக்கணும். முதல்ல இருந்து."

ஜெனிட்டா ஒரு அடி எடுத்துவைத்து அவன் முகத்தையே பார்த்தாள். என்ன விஷயம், என்ன செஞ்சீங்க என்று அவள் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கேமரா திரும்பி வந்து அவன்மேல் நின்றது. இரண்டு பேரும் காத்துக்கொண்டிருந்தார்கள், ஒருத்தி முகத்தோடு, ஒருத்தி முகம் இல்லாமல். சார்தான் கேட்டாரு என்று தொடங்குவதற்கு வாயைத் திறந்தான். அந்த வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது, வழவழவென்று வந்தது. அந்த வழவழப்பு அவனுக்கு நன்றாகத் தெரிந்த வழவழப்பு. வாயை மூடிக்கொண்டு, எச்சிலை விழுங்கிவிட்டு, வேறு இடத்திலிருந்து தொடங்கினான்.

"ரெண்டாம் நாள் சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்து மாட்டிர்றேன்னு சொல்லியிருந்தேன். அடாப்டர் வண்டியிலதான் இருந்துச்சு. கருமண்டபம் தாண்டித்தான் வீட்டுக்கு வந்தேன். களைப்பா இருந்துச்சு, காலையில பாத்துக்கலாம்னு நினைச்சேன். அவரு வீட்டுத் தெரு முனையில வண்டியைக்கூட நிறுத்தலை. நான் போகலை."

க்ர்ர் என்று கேமரா கீழே இறங்கித் தரையைப் பார்த்து நின்றது. ஜெனிட்டா மெல்லக் கைப்பையைத் தரையில் வைத்தாள்.